அடையாறு, அம்பத்தூர், அண்ணா நகர் என்றால் மட்டும் ஹேங் ஆகிறது: ஹெடர் என்கோடிங் சிக்கல்

தரமணி_ராத்திரி:

வணக்கம். பார்சல் பிரிக்கும் கிடங்குகளுக்கான மென்பொருளில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மேசையிலும் லேபிள் பிரிண்டரோடு ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, அதில் பைத்தான் 3. பார்சலை ஸ்கேன் செய்ததும் பெட்டி சர்வரைக் கேட்கும். சர்வர் லேபிளின் படத்தை பாடியில் அனுப்பும். எந்த ஏரியா என்பதை எக்ஸ்-ஏரியா என்கிற ஹெடரில், அதாவது பாடிக்கு முன்னால் போகும் குறிப்பு வரியில், அனுப்பும். அந்தப் பெயர் திரையில் பெரிதாக வரும், பிரிப்பவர் அதைப் பார்த்துக் கூடையில் போடுவார்.

இதுவரை பெயர் ஆங்கிலத்தில் போனது. கிடங்கில் இருப்பவர்கள் தமிழில் வேண்டும் என்றார்கள், நியாயமான கோரிக்கைதான், சர்வர் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். மயிலாப்பூர், வேளச்சேரி, தாம்பரம், ஆவடி எல்லாம் அழகாக வருகின்றன. அடையாறு வந்தால் அப்படியே நிற்கிறது. 30 நொடி கழித்து டைம்அவுட் (அந்த 30 நாங்கள் வைத்த அளவு). அண்ணா நகர், அம்பத்தூர், அயனாவரம், அசோக் நகர், அரும்பாக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

கமாண்ட் லைனில் கர்ல் கருவியைப் போட்டுக் கேட்டால் எல்லா ஏரியாவும் உடனே வருகிறது. ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான அமைப்பு) ஹேங் ஆவதே இல்லை. கிடங்கில் மட்டும்தான். கிளையண்ட் லைப்ரரி எங்கள் ஆபீஸில் யாரோ எப்போதோ சாக்கெட் மேல் நேரடியாக எழுதியது, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே தேடலாம்?

கிண்டி_லோக்கல்:

நீளம் காரணமாக இருக்காது. அடையாறு குட்டை, அரும்பாக்கம் நெட்டை, இரண்டும் மாட்டுகின்றன. எல்லாமே அ-வில் தொடங்குகின்றன என்பது மட்டும் தெரிகிறது. சர்வரில் அகரவரிசைப்படி ஏதாவது இண்டெக்ஸ் உடைந்திருக்குமோ?

எதுவாக இருந்தாலும் சீக்கிரம் சரிசெய்யுங்கள் அண்ணா. இந்த ஊரில் பாதிப் பேர் அ-வில்தான் குடியிருக்கிறார்கள்.

சர்வர்_பக்கம்:

சர்வர்தான் என்று உடனே கை நீட்ட வேண்டாம். கர்லுக்கு உடனே பதில் வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். இண்டெக்ஸ் உடைந்திருந்தால் கர்லும் சேர்ந்து நின்றிருக்கும். பதில் வந்து சேர்கிறது, வாங்குகிறவர் படிக்கத் தெரியாமல் நிற்கிறார்.

மாம்பலம்_மாமி:

கிண்டி தம்பி பார்த்தது பாதி சரி. எழுத்துதான் பிரச்சினை, ஆனால் சர்வரில் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று விஷயம் வேண்டும். லைப்ரரியில் ஹெடர் பகுதியை வரி வரியாகப் பிரிக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அடையாறுக்கு வரும் ஹெடரின் பைட்டுகள் என்னென்ன? கிடங்கிலும் ஸ்டேஜிங்கிலும் சர்வருக்கு முன்னால், இடையில் நின்று பதிலை வாங்கிக் கொடுக்கும் ப்ராக்ஸி ஏதாவது இருக்கிறதா? கோலன் இல்லாத வரி வந்தால் லைப்ரரி என்ன செய்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தரமணி_ராத்திரி:

மாமி, பார்த்துவிட்டேன்.

வெற்று வரி வரும்வரை பைட்டுகளைச் சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் மொத்தத்தையும் லேட்டின்-1 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்கிற பழைய என்கோடிங்) என்று டீகோட் செய்து, கிடைக்கும் ஸ்ட்ரிங் மேல், வரிகளாக வெட்டும் ஸ்பிளிட்லைன்ஸ் கூப்பிடுகிறது. ஒவ்வொரு வரியையும் முதல் கோலனில் பிரித்து, இரண்டு பக்கமும் ஸ்ட்ரிப் செய்து, டிக்ஷனரியில் போடுகிறது. கோலன் இல்லாத வரி வந்தால் லூப்பை விட்டு வெளியே வந்துவிடுகிறது. எரர் இல்லை, லாக் இல்லை.

அடையாறு என்ற பெயருக்கு வரும் பைட்டுகளின் தொடக்கம், டெசிமலில்: 224 174 133, 224 174 159, 224 175 136… மொத்தம் 21 பைட்.

கிடங்கில் பெட்டி நேராக கோ மொழியில் எழுதிய சர்வரோடு பேசுகிறது, உள் நெட்வொர்க் என்பதால் ப்ராக்ஸி வைக்கவில்லை. ஸ்டேஜிங்கில் முன்னால் என்ஜின்எக்ஸ் உண்டு.

மாம்பலம்_மாமி:

அந்த 133-தான்.

பைத்தானில் ஸ்ட்ரிங் மேல் கூப்பிடும் ஸ்பிளிட்லைன்ஸ் நாம் நினைக்கிற 13, 10 என்கிற வழக்கமான வரி முடிவுகள் இரண்டோடு நிற்பதில்லை. 11, 12, 28, 29, 30, 133, அப்புறம் யூனிகோடின் லைன் செப்பரேட்டர், பாராகிராஃப் செப்பரேட்டர் எல்லாவற்றையும் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். 133 என்பது நெக்ஸ்ட் லைன் என்கிற கன்ட்ரோல் எழுத்து, ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எப்சிடிக் வழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு அதை யாரும் தட்டச்சு செய்வதில்லை. ஆனால் பைத்தானின் பட்டியலில் இருக்கிறது.

இப்போது உங்கள் அ. யூனிகோடில் அதன் இடத்தை, யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 ஆக எழுதினால் 224 174 133. இந்த மூன்று பைட்டையும் லேட்டின்-1 என்று படித்தால் மூன்று தனித்தனி எழுத்தாகும்: தலையில் கோடு போட்ட ஒரு லத்தீன் எழுத்து, ஒரு ®, ஒரு நெக்ஸ்ட் லைன். ஸ்பிளிட்லைன்ஸ் அந்த மூன்றாவதில் வெட்டிவிடும். எக்ஸ்-ஏரியாவுக்கு 224 174 என்கிற இரண்டு பைட் மட்டும் மிச்சம். "டையாறு" என்பது தனி வரியாகிவிடும். அதில் கோலன் இல்லை. லைப்ரரி அதோடு கடையைச் சாத்திவிடுகிறது. அதற்குப் பின்னால் வந்த ஹெடர்கள் அத்தனையும் போச்சு.

ஆவடி ஏன் தப்பித்தது என்றால், ஆ-வின் கடைசி பைட் 134.

ஒரு சின்ன சோதனை: பைத்தானில் "அடையாறு" என்ற ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-8 ஆக என்கோட் செய்து, லேட்டின்-1 ஆக டீகோட் செய்து, ஸ்பிளிட்லைன்ஸ் போடுங்கள். இரண்டு துண்டு வரும். மயிலாப்பூருக்கு ஒன்றுதான் வரும். பைட்ஸ் மேல் நேரடியாக ஸ்பிளிட்லைன்ஸ் போட்டால் இந்தத் தொல்லை கிடையாது, அது 10, 13 இரண்டை மட்டும்தான் பார்க்கும்.

கிண்டி_லோக்கல்:

போட்டுப் பார்த்தேன். ரெண்டு துண்டு! தமிழ் எழுத்து அட்டவணை முழுவதையும் ஒரு லூப்பில் ஓட்டினேன், அ ஒன்றுதான் வெட்டுப்படுகிறது. மற்ற எல்லாமே தப்பிக்கின்றன.

ஒரு சந்தேகம் மாமி. இது தமிழுக்கு மட்டும் வந்த தலையெழுத்தா?

பழைய_கை:

இல்லை தம்பி. இந்திய எழுத்துகளின் கட்டங்களை யூனிகோடில் அடுக்கியபோது இஸ்கி தரத்தின் வரிசையை ஒட்டி, எல்லா மொழிக்கும் ஒரே அச்சில் அடுக்கினார்கள். ஒவ்வொரு கட்டமும் 128 இடம். ஒவ்வொன்றிலும் அ-வுக்குக் கொடுத்தது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், ஐந்தாம் இடம். அதனால் இந்தி, வங்காளம், குஜராத்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எதை எடுத்தாலும் அ-வின் கடைசி பைட் 133-தான். முதல் பைட் எல்லாவற்றுக்கும் 224, நடு பைட் மட்டும் மாறும். தமிழுக்கு நடுவில் 174, தெலுங்குக்கு 176, மலையாளத்துக்கு 180.

உங்கள் ஆட்கள் ஹைதராபாத்தில் கிளை திறந்தால் அமீர்பேட்டையிலும் இதே கதிதான்.

இன்னொன்று, தமிழ் உடைந்து வந்தால் திரையில் வரிசையாக ® தெரிகிறதே, அதற்கும் காரணம் இதுதான். தமிழ்க் கட்டத்தின் முதல் பாதிக்கு நடு பைட் 174, லேட்டின்-1இல் அது ®. பின் பாதிக்கு 175, அது மேலே போடும் சின்னக் கோடு. வேறு மொழி உடைந்தால் வேறு குறி வரும். லாக்கில் ® கூட்டமாகத் தெரிந்தால் அங்கே தமிழ் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தரமணி_ராத்திரி:

அ வெட்டுப்படுவது புரிந்தது. ஆனால் பெயர்தானே கெட வேண்டும், ஏன் 30 நொடி ஹேங்? அதுவும் ஸ்டேஜிங்கில் ஏன் இல்லை? அங்கேயும் இதே லைப்ரரிதான், இதே வெர்ஷன்.

சர்வர்_பக்கம்:

இதை நான் சொல்கிறேன், நம்ம பேட்டை இது.

கோவின் நெட்/ஹெச்டிடிபி சர்வர் பதிலை எழுதும்போது, நாம் நிரலில் வைத்த ஹெடர்களை அகரவரிசைப்படி முதலில் எழுதும். தானாகச் சேர்க்கும் டேட், கன்டென்ட்-லெங்த் போன்றவை அதற்குப் பின்னால் வரும். என்ஜின்எக்ஸ் தலைகீழ். சர்வர், டேட், கன்டென்ட்-டைப், கன்டென்ட்-லெங்த், கனெக்ஷன் ஆகியவற்றை அதுவே முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருக்கும் சர்வர் கொடுத்த மற்ற ஹெடர்களைக் கடைசியில் ஒட்டும்.

கிடங்கில் நேராக கோவோடு பேசுகிறீர்கள். எக்ஸ்-ஏரியா முன்னால், கன்டென்ட்-லெங்த் பின்னால். அ-வில் வெட்டியதும் கன்டென்ட்-லெங்த் தொலைந்துபோகிறது. பாடி எவ்வளவு நீளம் என்று தெரியாத கிளையண்ட் என்ன செய்யும்? கனெக்ஷன் மூடும்வரை படிக்கும். சர்வரோ அடுத்த ரிக்வெஸ்ட் வரும் என்று கனெக்ஷனைத் திறந்தே வைத்திருக்கிறது. நீ முதலில், நீ முதலில் என்று இரண்டு பக்கமும் காத்திருந்து 30 நொடி ஓடிவிடுகிறது.

ஸ்டேஜிங்கில் கன்டென்ட்-லெங்த் ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் ஹேங் இல்லை. ஆனால் ஏரியா பெயர் ஒழுங்காக வந்ததா? திரையைப் பார்த்தீர்களா?

தரமணி_ராத்திரி:

இப்போதுதான் பார்த்தேன். ஸ்டேஜிங்கில் அடையாறுக்குத் திரை காலி. எங்கள் ஆப் ஹெடரை மறுபடி லேட்டின்-1 ஆக என்கோட் செய்து யூடிஎஃப்-8 ஆகப் படிக்கிறது, பிழை வந்தால் தவிர்த்துவிடு என்று போட்டு வைத்திருக்கிறார்கள். மிச்சமான 224 174 அரைகுறை எழுத்து என்பதால் அது சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. சோதனைக்கு வைத்திருந்த ஊர்கள் மயிலாப்பூரும் தாம்பரமும் மட்டும்.

கிண்டி_லோக்கல்:

அப்படியானால் ஒரு வரியில் முடித்துவிடலாமே. லேட்டின்-1 என்பதை எடுத்துவிட்டு யூடிஎஃப்-8 என்று டீகோட் செய்துவிட்டால் அ ஒரே எழுத்தாகிவிடும், ஸ்பிளிட்லைன்ஸ் வெட்டாது. ஆப்பில் அந்த மறுசுழற்சி வேலையும் தேவையில்லை.

மாம்பலம்_மாமி:

அடையாறு சரியாகும். அதற்காக அதைச் செய்யக் கூடாது.

ஒன்று, ஹெடரில் வருவதெல்லாம் யூடிஎஃப்-8 என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பழைய சர்வர் ஒன்று ஒரே ஒரு லேட்டின்-1 பைட்டை ஏதோ ஓர் ஓரத்து ஹெடரில் அனுப்பினால் மொத்த ஹெடர் பகுதியும் டீகோட் ஆகாமல் எரர் அடிக்கும். சம்பந்தமே இல்லாத ஹெடருக்காக கன்டென்ட்-லெங்த்தையும் இழப்பீர்கள். இரண்டு, யூடிஎஃப்-8இல் படித்தாலும் யூனிகோட் லைன் செப்பரேட்டர் அங்கேயேதான் இருக்கும். யாராவது வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்த முகவரியில் அது ஒளிந்திருந்தால் மறுபடி வெட்டு.

ஹெச்டிடிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 9112, 2022இல் வந்தது, இதை நேராகவே சொல்கிறது: ஹெச்டிடிபி செய்தியை பைட்டுகளின் வரிசையாகத்தான் பாகுபடுத்த வேண்டும், யூனிகோட் எழுத்துகளின் ஓட்டமாகப் படித்தால் பாதுகாப்பு ஓட்டை வரும் என்று. வரியைப் பிரிப்பது, கோலனில் பிரிப்பது, ஓரத்து இடைவெளியை எடுப்பது, மூன்றும் பைட்டில் நடக்கட்டும். டீகோட் என்பது எல்லாம் முடிந்த பிறகு, அந்தந்த மதிப்புக்கு மட்டும்.

பைட்ஸின் ஸ்பிளிட்லைன்ஸையும் நான் போட மாட்டேன். அது தனியாக வரும் 13-ஐயும் வரி முடிவாக எடுக்கும். 13-10 ஜோடி வரி முடிவு, தனி 10-ஐ ஏற்றுக்கொள்ள அனுமதி உண்டு, தனி 13 வந்தால் அந்தச் செய்தி செல்லாது அல்லது அதை ஸ்பேஸாக மாற்ற வேண்டும். 10-இல் பிரித்து, வால் 13-ஐ நறுக்குங்கள், போதும்.

பழைய_கை:

மாமி சொன்ன ஸ்ட்ரிப் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், அது ஒளிந்திருக்கும் இரண்டாவது பிழை. பைத்தானில் ஸ்ட்ரிங்கின் ஸ்ட்ரிப் 133-ஐயும் எடுக்கும், 160-ஐயும் எடுக்கும். 160 என்பது உடையாத இடைவெளி. தமிழில் 160-இல் முடியும் எழுத்து கிடையாது, நம் கட்டத்தில் அந்த இடம் காலி. இந்தியில் ட வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. எட்டு என்பதற்கான இந்திச் சொல் அதில்தான் முடிகிறது. அந்தச் சொல்லில் முடியும் முகவரி வந்தால் கடைசி பைட்டை ஸ்ட்ரிப் தின்றுவிடும். ஹெச்டிடிபியில் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டியது ஸ்பேஸும் டேபும் மட்டும். ஸ்ட்ரிப்புக்கு அந்த இரண்டையும் எழுதியே கொடுங்கள்.

அப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லை: பைத்தானோடு சேர்ந்தே ஹெச்டிடிபி.கிளையண்ட் வருகிறதே, இதைக் கையால் எழுத வேண்டிய அவசியம் என்ன?

தரமணி_ராத்திரி:

காரணம் யாருக்கும் தெரியவில்லை சார். பிரிண்டரின் நிலையையும் அதே லைப்ரரி பார்த்துக்கொள்கிறது, இரண்டையும் பின்னிப் பிணைத்து எழுதியிருக்கிறார்கள். பிரித்து எடுக்க ஆசைதான். இப்போதைக்குக் கிடங்கு ஓட வேண்டும்.

ராயபுரம்_ரூட்டர்:

எல்லோரும் ஹேங் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறு கவலை. வெளியாள் தட்டச்சு செய்த எதையாவது சர்வர் ஹெடரில் அனுப்புகிறதா?

தரமணி_ராத்திரி:

அனுப்புகிறது. பார்சல் அனுப்புபவர் எழுதும் குறிப்பு, "உடையும் பொருள்", "மாலை 6க்கு மேல் கொடுக்கவும்" மாதிரி. எக்ஸ்-நோட் என்ற ஹெடர். ஏன்?

ராயபுரம்_ரூட்டர்:

அப்படியானால் இது பாதுகாப்புப் பிழை. குறிப்புப் பெட்டியில் ஒருவர் அ என்று அடித்து, அதை ஒட்டியே எக்ஸ்-ஏரியா, கோலன், தாம்பரம் என்று எழுதுகிறார். உங்கள் கிளையண்ட் அ-வில் வெட்டும். மிச்சம் புது வரி. இந்த முறை அதில் கோலன் இருக்கிறது, அதனால் லூப் நிற்காது, ஒழுங்கான ஹெடராகவே எடுத்துக்கொள்ளும். கோ அகரவரிசையில் எழுதுவதால் உண்மையான எக்ஸ்-ஏரியா முன்னால் வந்துவிட்டது, எக்ஸ்-நோட் பின்னால். டிக்ஷனரியில் கடைசியாக வந்தது முன்னதை அழிக்கும். மயிலாப்பூர் பார்சல் தாம்பரம் கூடையில் விழும்.

சர்வர் பக்கம் இதைத் தடுக்காது. ஹெடர் மதிப்பில் 13, 10 வந்தால் கோ அதை ஸ்பேஸாக மாற்றிவிடும், ஆனால் அ-வைத் தடுக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. அ ஒரு நியாயமான எழுத்து. கூடை மாறுவது சின்ன விஷயம். குக்கி, ரீடைரக்ட் எல்லாம் கவனிக்கும் கிளையண்டாக இருந்தால் இதே வழியில் எதையும் நுழைக்கலாம்.

கோலன் இல்லாத வரியை எரராக மாற்றுவதால் மட்டும் இது அடைபடாது. பைட்டில் பிரிப்பது ஒன்றுதான் வழி.

சர்வர்_பக்கம்:

இதைப் படித்ததும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். எங்கள் ஆபீஸிலும் குறிப்பு ஹெடர் இருக்கிறது, கிளையண்ட் வேறு. நாளை முதல் வேலை அதைப் பார்ப்பது.

தரமணி அண்ணா, ஒரு யோசனை. லைப்ரரியைத் தொடுகிறீர்கள் என்றால் மதிப்புகளை டீஃபால்டாகவே யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிடலாமே. லேட்டின்-1 என்பது 1999இன் ஆர்எஃப்சி 2616 சொன்னது. 2014இல் 7230 வந்தபோதே அதைப் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். யாரும் ஹெடரில் பிரெஞ்சுப் பெயர் அனுப்பப் போவதில்லை.

மாம்பலம்_மாமி:

ஒதுக்கினார்கள், ஆனால் அந்த இடத்தில் யூடிஎஃப்-8ஐ உட்கார வைக்கவில்லை. 127க்கு மேல் வரும் பைட்டுகளை அர்த்தம் பார்க்காத தரவாக நடத்துங்கள் என்றார்கள். 2022இன் 9110-உம் அதையேதான் சொல்கிறது.

லேட்டின்-1க்கு ஒரு குணம் உண்டு: 256 பைட்டுக்கும் ஒவ்வோர் எழுத்து, எதுவும் தொலையாது. திருப்பி என்கோட் செய்தால் அதே பைட்டுகள் அச்சுப் பிசகாமல் கிடைக்கும். பைத்தானின் ஹெச்டிடிபி.கிளையண்ட் அதைத்தான் செய்கிறது. பைத்தானின் தர ஆவணமான 2010இன் பெப் 3333 சர்வர் பக்கத்துக்கும் அதையே வைத்தது. தரமணி தம்பியின் ஆப் ஏற்கெனவே லேட்டின்-1 என்று நம்பித் திருப்புகிறது. டீஃபால்டை மாற்றினால் அந்த ஆப் தமிழ் ஸ்ட்ரிங்கை லேட்டின்-1 ஆக என்கோட் செய்யப் பார்த்து அங்கேயே விழும். அப்போது அடையாறோடு மயிலாப்பூரும் போகும்.

சர்வர்_பக்கம்:

அப்படியென்றால் இன்னும் பத்து வருஷத்துக்கு எல்லோரும் அந்தத் திருப்பும் வித்தையையே செய்துகொண்டிருக்க வேண்டுமா? ஹெச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியைப் பாருங்கள். வரும் ஹெடரை ஆஸ்கி, இல்லையென்றால் யூடிஎஃப்-8, அதுவும் இல்லையென்றால் லேட்டின்-1 என்று முயன்று பார்க்கிறது. பயன்படுத்துகிறவருக்கு எவ்வளவு நிம்மதி.

பழைய_கை:

புதிதாக எழுதுகிற லைப்ரரிக்கு அது சரி. ஏற்கெனவே மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருப்பதில் டீஃபால்டை மாற்றுவது வேறு சமாசாரம். மூல பைட்டை அப்படியே தரும் ஒரு வழியைக் கூடுதலாகத் திறந்துவிடுங்கள். வேண்டியவர் அதை எடுத்து யூடிஎஃப்-8 ஆகப் படிக்கட்டும், பழைய வழி பழையபடி இருக்கட்டும். சண்டை தீர்ந்தது.

இடையில் ஓர் எச்சரிக்கை. லேட்டின்-1க்குப் பதில் விண்டோஸ்-1252 போட்டால் குறிகள் ஒழுங்காகத் தெரிகின்றன என்று யாராவது யோசனை சொல்வார்கள். பைத்தானின் 1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி, அங்கே வந்தால் எரர். தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளியினுடையது 141, ஏ 143, ஐ 144. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

சர்வர்_பக்கம்:

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, சரி, விடுகிறேன்.

ஆவடி_வண்டி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டிரைவர்களுக்கான ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறேன். நாங்கள் ஓகேஹெச்டிடிபி லைப்ரரியில் ரிக்வெஸ்ட் ஹெடரில் தமிழ் வைத்தால் அனுப்புவதற்கு முன்பே இல்லீகல் ஆர்க்யுமென்ட் என்று கிராஷ் ஆகிறது. அ, ஆ பேதமெல்லாம் இல்லை, எல்லா எழுத்துக்கும். ஆட்அன்சேஃப்நான்ஆஸ்கி என்று ஒன்று இருக்கிறது, போடலாமா?

மாம்பலம்_மாமி:

பெயரிலேயே அன்சேஃப் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் தம்பி. அது யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே அனுப்பும். எதிர்முனையில் இருப்பவர் என்ன செய்வார் என்பதற்கு இந்த இழையே சாட்சி. உலாவியின் ஃபெட்ச்சும் 255க்கு மேல் எழுத்து வந்தால் மறுத்துவிடும், நோட்.ஜேஎஸ்ஸும் அப்படித்தான். உங்களுக்கு பாடி இருக்கிறது என்றால் ஜேசானில் வையுங்கள். ஹெடரில்தான் வேண்டும் என்றால் யூடிஎஃப்-8 பைட்டுகளைப் பெர்சென்ட் என்கோடிங் (ஒவ்வொரு பைட்டையும் % குறியும் இரண்டு ஹெக்ஸ் எழுத்துமாக எழுதுவது) செய்து அனுப்புங்கள். ஃபைல் பெயருக்கு இதற்கென்றே ஒழுங்கான வடிவம் உண்டு, கன்டென்ட்-டிஸ்பொசிஷனில் ஃபைல்நேம் என்பதற்குப் பின் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவது. ஆர்எஃப்சி 8187 பாருங்கள், 2017.

ராயபுரம்_ரூட்டர்:

2024இல் வந்த 9651இல் டிஸ்ப்ளே ஸ்ட்ரிங் என்றே ஒரு வகை சேர்த்திருக்கிறார்கள். மனிதர் படிக்கும் எழுத்தை ஹெடரில் அனுப்பத்தான். உள்ளே அதுவும் யூடிஎஃப்-8இன் பெர்சென்ட் என்கோடிங்தான். உங்கள் லைப்ரரிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் புதிதாக வடிவம் கண்டுபிடிப்பதை விட அதை ஒட்டிப் போவது நல்லது.

சர்வர்_பக்கம்:

இடம் அதிகம் பிடிக்குமே. அடையாறு 7 குறி, 21 பைட், பெர்சென்ட் போட்டால் 63 எழுத்து. பேஸ்64 என்றால் 28-இல் முடியும்.

மாம்பலம்_மாமி:

ஏரியா பெயருக்கு 63 எழுத்து ஒரு பாரமில்லை. லாக்கில் பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றாவது தெரியும். நீண்ட குறிப்பு அனுப்புவதானால் ஹெடரே தவறான இடம், அங்கே என்கோடிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

தரமணி_ராத்திரி:

நிலவரம் சொல்கிறேன். லைப்ரரியில் வரி பிரிப்பதை பைட்டுக்கு மாற்றியாயிற்று. ஸ்ட்ரிப்புக்கு ஸ்பேஸும் டேபும் மட்டும். கோலன் இல்லாத வரி வந்தால் இனி எரர், லாக்கில் அந்த வரியின் பைட்டுகளோடு. மதிப்பு லேட்டின்-1 ஆகவே வருகிறது, பைட்டாக எடுக்கத் தனி வழி சேர்த்தேன். ஆப்பில் பிழையைத் தவிர்த்துவிடு என்றிருந்ததை எடுத்துவிட்டேன், அரைகுறையாக வந்தால் திரையில் பெரிதாகக் கேள்விக்குறி வரும்.

சோதனைக்கு கிண்டி தம்பி ஓட்டிய அதே லூப்பை வைத்துக்கொண்டேன், கூடவே 0, 10, 13 தவிர மீதி எல்லா பைட்டும் உள்ள ஒரு மதிப்பு, அதற்குப் பின்னால் கன்டென்ட்-லெங்த். பின்னால் வைப்பதுதான் முக்கியம், முன்னால் வைத்தால் ஸ்டேஜிங் ஏமாற்றிய மாதிரியே சோதனையும் ஏமாற்றும். ராயபுரம் சொன்ன குறிப்புப் பெட்டி வித்தையையும் அப்படியே ஒரு சோதனையாகச் சேர்த்தேன். பழைய லைப்ரரியில் பார்சல் உண்மையாகவே தாம்பரத்துக்குப் போனது.

அடையாறு வருகிறது. அம்பத்தூர் வருகிறது.

கிண்டி_லோக்கல்:

அருமை அண்ணா! என் மாமா வீடு அயனாவரம், பார்சல் ஒன்று வர வேண்டியிருக்கிறது, இப்போதுதான் காரணம் புரிகிறது.

சர்வர்_பக்கம்:

பெட்டிகள் எல்லாவற்றிலும் புது லைப்ரரி ஏறிவிட்டதா? ஏறாதவற்றுக்கு என்ன செய்கிறீர்கள்?

தரமணி_ராத்திரி:

செங்குன்றம் கிடங்கில் ஏற்றியாயிற்று. மாதவரத்தில் பெட்டிகளைத் தொலைவிலிருந்து தொட முடியாது, ஆள் போய் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அதனால் சர்வர்காரர்களிடம் பேசினேன். எக்ஸ்-ஏரியாவில் பழையபடி ஆங்கிலப் பெயர் போகும். தமிழ்ப் பெயர் பெர்சென்ட் என்கோடிங்கில் புது ஹெடரில் போகும். புது லைப்ரரி இருக்கும் பெட்டி புது ஹெடரைப் படிக்கும், இல்லாதது ஆங்கிலத்தைக் காட்டும். எக்ஸ்-நோட் இன்று மாலையிலிருந்து நிறுத்தியாயிற்று, மாதவரம் முடிந்த பிறகு அது லேபிள் படத்துக்குள்ளேயே அச்சாகும்.